காட்டுத் தைம் எண்ணெயில் என்ன இருக்கிறது: செடி பறிப்பது முதல் ஜிசி-எம்எஸ் அறிக்கை வரை

இமயமலைக் காட்டுத் தைம் செடியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று புரியாமல் நிற்கும் எம்.எஸ்சி., பிஎச்.டி. மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். உத்தராகண்டில் வன அஜ்வாயின் என்று மக்கள் சொல்லும் செடி இது. பழைய இந்தியத் தாவர நூல்களில் தைமஸ் செர்பில்லம் என்ற பெயரில் இருக்கும். இன்றைக்கு நம் மேற்கு இமயத்துச் செடியைத் தைமஸ் லீனியாரிஸ் என்றே எழுதுகிறார்கள். செர்பில்லம் என்பது ஐரோப்பாவின் காட்டுத் தைம். பழைய கட்டுரைகளோடு உங்கள் முடிவை ஒப்பிடும்போது இந்தப் பெயர் விஷயம் நினைவில் இருக்கட்டும்.

எண்ணெயிலுள்ள சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து (ஜிசி), நிறையை வைத்து அடையாளம் காணும் (எம்எஸ்) கருவிதான் ஜிசி-எம்எஸ். நான் முதலில் வாங்கிய அதன் அறிக்கையில் ஒரே எண்ணெயின் இரண்டு ஓட்டங்களில், ஒன்றில் தைமால் என்றும் மற்றதில் கார்வக்ரால் என்றும் அதே பீக்குக்கு (வரைபடத்தில் ஒரு சேர்மத்தைக் காட்டும் மேட்டுக்கு) பெயர் போட்டிருந்தார்கள். கணினி தன் தரவுத்தொகுப்போடு ஒப்பிட்டுத் தந்த பெயரை (லைப்ரரி மேட்ச்) அப்படியே அச்சடித்துக் கொடுத்துவிட்டது அந்த ஆய்வகம். அதைச் சரிசெய்து வாங்குவதற்குள் பூக்கும் பருவம் முடிந்து, அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உங்களுக்கு அந்த வருடம் மிச்சமாகட்டும்.

1. முதலில் ஜிசி-எம்எஸ் இருக்கும் இடத்தில் பேசுங்கள்

எல்லோரும் செடியிலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் கருவியிலிருந்து தொடங்குங்கள். பல கருவி மையங்களில் ஜிசி-எம்எஸ் ஓட்டம் என்றால் மெத்தனால் சாறுகளுக்கு வைத்திருக்கும் பொது புரோகிராம்தான். வெப்பம் நிமிடத்துக்கு 10 டிகிரி ஏறும். கரைப்பானுக்காக முதல் ஐந்தாறு நிமிடம் டிடெக்டரை அணைத்து வைத்திருப்பார்கள். அந்த நேரத்துக்குள் ஆல்ஃபா-பைனீன், ஆல்ஃபா-துஜீன் போன்ற லேசான மோனோடெர்பீன்கள் வெளியேறிவிடலாம். அறிக்கையில் அவை இருக்கவே இருக்காது.

பணம் கட்டுவதற்கு முன்பு மின்னஞ்சலில் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்:

- காலம் (column, சேர்மங்களைப் பிரிக்கும் நீண்ட மெல்லிய குழாய்) டிபி-5 வகையா? 30 மீட்டர் நீளம், 0.25 மி.மீ. விட்டம், 0.25 மைக்ரான் பூச்சு இருந்தால் வெளியான பெரும்பாலான தரவுகளோடு ஒப்பிடலாம்.
- 60 டிகிரியில் தொடங்கி நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் 240 வரை ஏற்றித் தருவார்களா? ஒரு ஓட்டம் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதனாலேயே சிலர் மறுப்பார்கள்.
- அதே நாளில், அதே புரோகிராமில் ஆல்கேன் கலவையை (கார்பன் எண்ணிக்கை வரிசையாகத் தெரிந்த, அளவுகோலாகப் பயன்படும் ஹைட்ரோகார்பன்கள்) ஓட்டித் தருவார்களா?
- எஃப்ஐடி டிடெக்டரிலும் (சேர்மத்தைச் சுடரில் எரித்து அளவைக் காட்டுவது) ஓட்ட முடியுமா?
- மூலக் கோப்பைத் தருவார்களா, பிடிஎஃப் மட்டும்தானா?

மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். காரணம் 7ஆம் படியில் வருகிறது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, வெளிக் கல்லூரி மாணவர், அரசு ஆய்வகம், தொழில் நிறுவனம் என்று தனித்தனி விகிதம் இருக்கும். மாணவருக்கு ஒரு மாதிரிக்குச் சுமார் ஆயிரம் முதல் மூவாயிரம் ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆல்கேன் ஓட்டத்தையும் பெரும்பாலும் தனி மாதிரியாகவே எண்ணுவார்கள். நெறியாளர் கையெழுத்திட்ட லெட்டர்ஹெட் கடிதமும் அடையாள அட்டை நகலும் இல்லாமல் மாணவர் விகிதம் கிடைக்காது. வரிசை ஒரு மாதத்துக்குக் குறையாமல் இருக்கும் என்று வைத்தே திட்டமிடுங்கள்.

லக்னோவில் சிமாப் (மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம்), கன்னோஜில் நறுமண, சுவைப்பொருள் மேம்பாட்டு மையம், டேராடூன் அருகே செலாகுவியில் நறுமணத் தாவர மையம் என்று எண்ணெய் வேலையே அன்றாட வேலையாக இருக்கும் இடங்கள் உண்டு. பொது மையங்களைவிட இப்படிப்பட்ட இடங்களில் நம் கேள்வி உடனே புரியும்.

2. காகிதங்கள்

இந்தியக் குடிமகன் இந்தியாவுக்குள் செய்யும் கல்வி ஆய்வுக்கு, 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. ஆய்விதழில் கட்டுரை வெளியிடவும் வேண்டாம். ஆனால் வெளிநாட்டு ஆய்வகத்துக்கு எண்ணெயோ செடியோ அனுப்புவது, வெளிநாட்டுக் கூட்டாளியைச் சேர்ப்பது, காப்புரிமை கேட்பது, விற்பனைக்குக் கொண்டுபோவது என்று வந்தால் கதை வேறு. சட்டம் 2023இல் திருத்தப்பட்டு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதனால் சீனியர்கள் சொல்லும் பழைய நடைமுறையை நம்பாமல் ஆணையத்திடமே கேளுங்கள். ஆணையத்தின் தலைமையகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது.

நிலத்துக்கான அனுமதி தனி. காப்புக்காடு என்றால் கோட்ட வன அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கிராமக் காடு என்றால் வன பஞ்சாயத்தின் தலைவரை (சர்பஞ்ச்) பாருங்கள். தேசியப் பூங்கா, சரணாலயம் என்றால் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கிளைகூட ஒடிக்கக் கூடாது. இங்கே பலர் மாட்டிக்கொள்வார்கள்: சாலையோரப் புல்வெளிதானே என்று நினைப்போம், ஆனால் சோப்தாவைச் சுற்றிய மேட்டுப் புல்வெளிகளில் பெரும் பகுதி கேதார்நாத் வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. முதல் தடவை போகிறவர்கள் சரணாலயத்தை விட்டு விலகி, வன பஞ்சாயத்து நிலமாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பத்தோடு ஒரு பக்க ஆய்வுச் சுருக்கம், செடியின் பெயர், பறிக்கப்போகும் எடை, இடம், தேதி, நெறியாளர் கடிதம், அடையாள அட்டை நகல் ஆகியவற்றை வையுங்கள். இந்தியில் ஒரு பிரதி இருந்தால் கிராமத்தில் வேலை எளிது. எடையைச் சரியாக எழுதுங்கள். ‘தேவையான அளவு’ என்று எழுதினால் திரும்பி வரும். பறிக்கப் போவதற்கு மூன்று மாதம் முன்பே அனுப்பிவிட வேண்டும்.

3. எப்போது, எவ்வளவு பறிப்பது

பூத்திருக்கும்போது பறியுங்கள். தைமால், கார்வக்ரால் இரண்டும் பொதுவாகப் பூக்கும் காலத்தை ஒட்டித்தான் உச்சத்துக்கு வரும். செடியை அடையாளம் காணவும் பூ வேண்டும். கோடையின் பின்பாதிதான் தோதான காலம். ஜூலையில் மழை பிடித்துவிட்டால் மலைச்சாலைகள் மண்சரிவில் அடைபடும், பறித்த செடியும் காயாமல் பூசணம் பிடிக்கும். ஜூன் நடுப்பகுதிக்குள் இறங்கிவிடுகிற மாதிரி திட்டம் போடுங்கள்.

செடி தரையோடு படர்ந்திருக்கும். அடித்தண்டு கட்டைபோல் இருக்கும். இலை சிறியது, எதிரெதிராக அமைந்திருக்கும். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து கைலென்ஸில் பார்த்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். கசக்கினால் நம் வீட்டு ஓம வாசனை. வாசனையை மட்டும் நம்பிப் பறிக்காதீர்கள். அதே சரிவுகளில் ஆரிகனம் வல்கேர் (ஆரிகனோ) வளர்கிறது, அதிலும் தைமாலும் கார்வக்ராலும் வரக்கூடும். மைக்ரோமேரியா என்ற குட்டைச் செடியும் படர்ந்து கிடக்கும். செடி உயர்ந்து, இலை அகலமாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

அளவைக் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். ஐரோப்பிய மருந்தக நூல் செர்பில்லத்துக்குக் கேட்கும் குறைந்தபட்ச எண்ணெய், கிலோவுக்கு 3 மி.லி. அதாவது 100 கிராம் உலர்ந்த செடியில் 0.3 மி.லி. இமயத்துச் செடியில் இதைவிடக் கூடுதலாகவும் வரலாம், ஆனால் திட்டமிட இந்த எண்தான் பாதுகாப்பு. ஒரு இடத்துச் செடிக்கு மூன்று முறை வடிக்க (தண்ணீரில் கொதிக்கவைத்து ஆவியோடு எண்ணெயை எடுக்க) 300 கிராம் உலர்ந்தது வேண்டும். பச்சையாக ஒன்றேகால் கிலோ பறிக்க வேண்டியிருக்கும். குட்டைச் செடியில் அவ்வளவு சேர்க்க அரை நாள் ஆகும். கத்தரிக்கோலால் பூக்கிளைகளை மட்டும் வெட்டுங்கள். பிடுங்கினால் வேரோடு வந்துவிடும். அந்தப் பாறையில் அது மறுபடி முளைத்து வர வருடக்கணக்கில் ஆகும்.

இன்னொன்று. ஒரே மூட்டையை மூன்றாகப் பிரித்து வடித்தால், உங்கள் வடிக்கும் முறை எவ்வளவு சீராக இருக்கிறது என்று தெரியுமே தவிர, அந்த மலையின் செடிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. குறைந்தது மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் பல செடிகளிலிருந்து தனித்தனியாகச் சேகரியுங்கள். இடத்தின் உயரம், ஆள்கூறு, தேதி, பூப்பு நிலை எல்லாவற்றையும் அங்கேயே துணிப்பையின் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும்.

4. அடையாளச் சான்று

இது இல்லாமல் நல்ல ஆய்விதழ் எதுவும் கட்டுரையைக் கையில் எடுக்காது. பூவோடு கூடிய கிளைகளைச் செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தி, தினமும் தாளை மாற்றி உலர்த்தி, ஹெர்பேரியத் (உலர்செடித் தொகுப்பு) தாளில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். டேராடூனில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் வடக்கு வட்டார மையமும், வன ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹெர்பேரியமும் இருக்கின்றன. தமிழ்நாட்டு மாணவர்கள் பழக்கத்தில் கோவை மையத்துக்கு எடுத்துப் போவார்கள்; மேற்கு இமயச் செடிக்கு டேராடூன்தான் சரி, ஒப்பிட்டுப் பார்க்க அங்கே தாள்கள் நிறைய உண்டு. சான்றிதழில் சேர்க்கை எண் (உங்கள் தாளுக்கு ஹெர்பேரியம் தரும் பதிவு எண்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலையிலிருந்து இறங்கும்போதே கொடுத்துவிட்டு வந்தால் இன்னொரு பயணச் செலவு மிச்சம். சான்று வர சில வாரங்கள் ஆகலாம்.

5. ஓமத்தில் கை பழகுங்கள்

எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய யோசனை இது. மளிகைக் கடை ஓமத்தின் எண்ணெயில் முக்கியமாக இருப்பவை தைமால், பாரா-சைமீன், காமா-டெர்பினீன். தைமால் வகைக் காட்டுத் தைம் எண்ணெயிலும் இதே மூன்றுதான் முன்வரிசை. செடிக்குள் காமா-டெர்பினீனிலிருந்து தொடங்கும் ஒரே பாதையில் உண்டாகும் சேர்மங்கள் அவை. ஓமத்தில் எண்ணெய் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். 100 கிராம் ஓமத்தை ஒன்றிரண்டாக இடித்து வடித்தால் இரண்டு மி.லி.க்கு மேல் கிடைக்கும்.

மலையிலிருந்து கொண்டுவந்த செடியைத் தொடும் முன் ஓமத்தை நாலைந்து முறை வடித்துப் பாருங்கள். எங்கே கசிகிறது, எவ்வளவு சூடு வேண்டும், எண்ணெயை எப்படி இறக்குவது எல்லாம் சில நூறு ரூபாய்க்குள் புரிந்துவிடும். அந்த ஓம எண்ணெயைக் கொஞ்சம் பத்திரப்படுத்தி வையுங்கள். ஜிசி-எம்எஸ் ஓட்டும்போது அதையும் ஒரு மாதிரியாகக் கொடுத்தால் தைமால் எந்த நிமிடத்தில் வருகிறது என்பதற்குக் கையில் ஒரு சாட்சி இருக்கும்.

6. வடித்தல்

செடியை நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். ஓவன் வேண்டாம். தண்டு மடக்கினால் ஒடிகிற பதம் வந்தால் போதும்.

எண்ணெய் வடிக்கும் கண்ணாடிக் கருவியான கிளெவெஞ்சர் இரண்டு வகையில் கிடைக்கும். தண்ணீரைவிட லேசான எண்ணெய்க்கானதைக் கேட்டு வாங்குங்கள். 100 கிராம் செடி, இரண்டு லிட்டர் குடுவை, செடி மூழ்கிக் கொஞ்சம் மேலே நிற்கும் அளவு தண்ணீர், மூன்று மணி நேரம். தண்ணீரை அதிகம் ஊற்றாதீர்கள். தைமால் ஒரு லிட்டர் தண்ணீரில் கிட்டத்தட்ட ஒரு கிராம்வரை கரையும். நமக்குக் கிடைப்பதே அரை மி.லி. எண்ணெய்தான், அதில் தைமால் தண்ணீரோடு போனால் விளைச்சலும் குறையும், கலவையின் விகிதமும் மாறிவிடும். வடிந்த தண்ணீர் திரும்பக் குடுவைக்குப் போகும் பக்கக்குழாய் அடைபடாமல் பார்த்துக்கொள்வது இதற்காகத்தான்.

எண்ணெயின் அளவைச் சரியாகப் பார்க்க மருந்தக முறையில் கொஞ்சம் சைலீன் சேர்ப்பார்கள். அது விளைச்சல் கணக்குக்கு மட்டும். ஜிசி-எம்எஸ்-க்குப் போகும் எண்ணெயில் சைலீன் சேர்த்தால் அறிக்கையில் அதுவே பெரிய பீக்காக நிற்கும். அடுப்பை அணைத்தபின் அரை மணி நேரம் விட்டு, எண்ணெய் தெளிந்ததும் அளவைக் குறியுங்கள். எண்ணெயிலுள்ள ஈரத்தை நீக்க நீரற்ற சோடியம் சல்பேட் ஒரு சிட்டிகை போதும். அள்ளிப் போட்டால் உப்பே பாதி எண்ணெயைக் குடித்துவிடும்.

பழுப்புக் கண்ணாடிக் குப்பி, டெஃப்லான் பூச்சுள்ள மூடி, 4 டிகிரி குளிர். சாதாரணப் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் மூடியைத் தைம் எண்ணெய் கரைக்கும். அதிலிருந்து இறங்கும் தாலேட்டுகள் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்கள்) பிறகு அறிக்கையில் தலைகாட்டும். தைமால் அதிகமுள்ள எண்ணெய் குளிரில் படிகம் கட்டக்கூடும். தைமாலின் உருகுநிலையே 50 டிகிரியை ஒட்டியது. படிகத்தை அடியில் விட்டுவிட்டு மேலே இருக்கும் திரவத்தை மட்டும் உறிஞ்சி அனுப்பினால் தைமால் குறைவாகவும் சைமீன் அதிகமாகவும் வரும். குப்பியை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, தேவையானால் வெதுவெதுப்பான நீரில் வைத்து, படிகம் முழுதாகக் கரைந்து கலந்தபின் எடுங்கள்.

எண்ணெய் தீப்பற்றக்கூடியது என்பதால் தபாலும் பல கூரியர்களும் ஏற்காது. உலர்ந்த செடியை ஊருக்குக் கொண்டுவந்து, கருவி இருக்கும் ஊரிலேயே வடிப்பது நிம்மதி.

7. அறிக்கையைப் படிப்பது

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். தைமாலும் கார்வக்ராலும் ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்டவை, எடை 150. வளையத்தில் ஹைட்ராக்சில் உட்காரும் இடம் மட்டும் வேறு. இரண்டின் மாஸ் ஸ்பெக்ட்ரமிலும் (மூலக்கூறு உடைந்த துண்டுகளின் நிறைகளைக் கோடுகளாகக் காட்டும் படம்) 135தான் உயர்ந்த கோடு, அடுத்து 150. கணினி 95 சதவீதப் பொருத்தம் என்று இரண்டையுமே சொல்லும். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. பிரிப்பது ரிடென்ஷன் இண்டெக்ஸ்தான், அதாவது பீக் வரும் நேரத்தை ஆல்கேன்களின் நேரத்தோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் எண்.

கணக்கு எளிது. ஆல்கேன் ஓட்டத்தில் 12 கார்பன் ஆல்கேன் 21.60ஆம் நிமிடத்திலும் 13 கார்பன் ஆல்கேன் 25.20ஆம் நிமிடத்திலும் வந்ததாக வைத்துக்கொள்வோம். இடைவெளி 3.60. உங்கள் பீக் 24.80இல் இருந்தால், 12ஐத் தாண்டி 3.20 நிமிடம். 3.20ஐ 3.60ஆல் வகுத்தால் 0.89. அதை 12ஓடு கூட்டி 100ஆல் பெருக்கினால் 1289. டிபி-5 வகைக் காலத்தில் தைமாலின் எண் அதுதான். கார்வக்ரால் 1298ஐ ஒட்டி வரும்; இதே உதாரணத்தில் 25.13ஆம் நிமிடம். முழு வித்தியாசமே இருபது விநாடி.

அதனால் எண்ணெயை ஹெக்சேனில் 1 சதவீதமாகவோ அதைவிடக் குறைவாகவோ நீர்க்கச் செய்து ஓட்டச் சொல்லுங்கள். அடர்த்தியாக ஓட்டினால் தைமால் பீக் சாய்ந்து, உச்சி பின்னால் தள்ளிப்போய், எண் 1295 என்று நிற்கும். அப்போது அதைக் கார்வக்ரால் என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம்.

இந்த எண்ணெயில் நீங்கள் சந்திக்கக்கூடிய மற்றவை, டிபி-5 வகையில் தோராயமாக: ஆல்ஃபா-பைனீன் 932, மிர்சீன் 988, பாரா-சைமீன் 1020, 1,8-சினியோல் 1026, காமா-டெர்பினீன் 1054, லினலூல் 1095, போர்னியால் 1165, தைமால் மெத்தில் ஈதர் 1232, பீட்டா-கரியோஃபில்லீன் 1417, பீட்டா-பிசபோலீன் 1505, கரியோஃபில்லீன் ஆக்ஸைடு 1582. நிஸ்ட் வெப்புக் (NIST WebBook) என்ற இணையத் தரவுத்தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். நாலைந்து எண் முன்பின் இருந்தால் பரவாயில்லை, பதினைந்து இருபது தள்ளியிருந்தால் பெயர் தவறு.

அடிக்கடி வரும் பொறிகள்:

- ‘ஆர்த்தோ-சைமீன்’ என்று கணினி சொன்னால் அது பெரும்பாலும் பாரா-சைமீன்தான். ஸ்பெக்ட்ரமும் ஒன்று, டிபி-5இல் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்று. உறுதி செய்ய வேண்டுமானால் தூய சைமீனோடு சேர்த்து ஒரு போலார் காலத்தில் ஓட்ட வேண்டும்.
- பெயரில் சிலாக்சேன் என்று வந்தால், 73, 207, 281 என்ற கோடுகள் தெரிந்தால், அது காலத்திலிருந்தோ செப்டத்திலிருந்தோ (மாதிரியைச் செலுத்த ஊசி குத்தும் ரப்பர் அடைப்பு) கழன்று வந்தது. செடியில் சிலாக்சேன் கிடையாது. அச்சில் வந்த கட்டுரைகளில்கூட இதைத் தாவரச் சேர்மம் என்று பட்டியலிட்டு, மருத்துவக் குணமும் எழுதியிருப்பதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.
- 149 உயர்ந்த கோடாக இருந்து, பெயரில் தாலேட் இருந்தால் மூடியையோ கரைப்பானையோ சந்தேகியுங்கள். தைமால் மெத்தில் ஈதரிலும் 149 உண்டு, ஆனால் அதன் கூடவே 164 நிற்கும்.

8. சதவீதத்தை எழுதுவது

ஜிசி-எம்எஸ் தரும் பரப்புச் சதவீதம் எடைச் சதவீதம் ஆகாது. ஒவ்வொரு சேர்மமும் அயனியாகும் திறன் வேறு. எஃப்ஐடி ஓட்டத்தின் பரப்பு உண்மைக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். அதைச் சதவீதத்துக்கும், எம்எஸ்-ஐப் பெயருக்கும் பயன்படுத்துங்கள். எஃப்ஐடி கிடைக்காவிட்டால் அட்டவணைத் தலைப்பில் ‘எம்எஸ் பரப்புச் சதவீதம்’ என்று தெளிவாக எழுதிவிடுங்கள். தசமத்துக்குப் பிறகு ஒரு இலக்கம் போதும்.

தைமால் வராவிட்டால் பதறாதீர்கள். தெற்கு பிரான்ஸில் ஒரே தைமஸ் வல்காரிஸ் இனத்துக்குள் தைமால், கார்வக்ரால், லினலூல், ஜெரானியால், ஆல்ஃபா-டெர்பினியால், துயானால் என்று ஆறு வேதிவகைகள் (எண்ணெயில் முன்னணிச் சேர்மம் மாறுபடும் வகைகள்) இருக்கின்றன. எஸ்தோனியாவின் செர்பில்லத்தில் நெரோலிடாலும் கரியோஃபில்லீன் ஆக்ஸைடும் முன்னே நிற்க, தைமால் மிகக் குறைவாகவே இருந்திருக்கிறது. உத்தராகண்டின் குமாவுன், கர்வால் பக்கத்துச் செடிகளில் தைமால் முன்னணியில் இருப்பதாகவே பெரும்பாலும் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் உங்கள் மலையின் செடி என்ன சொல்கிறதோ அதை எழுதுங்கள். ஒரே இடத்து ஒரே மாதிரியை வைத்துப் ‘புதிய வேதிவகை’ என்று மட்டும் அறிவித்துவிடாதீர்கள்.

பாரா-சைமீன் அதிகம், காமா-டெர்பினீன் மிகக் குறைவு என்று வந்தால் எண்ணெயின் வயதைப் பாருங்கள். காற்றுப் பட்டு நாளாக நாளாகக் காமா-டெர்பினீன் சைமீனாக மாறும். வடித்த தேதியும் ஓட்டிய தேதியும் அட்டவணையின் கீழே இருக்கட்டும்.

9. கோப்புகளை வாங்கிவிட்டுப் பணத்தைக் கட்டி முடியுங்கள்

பிடிஎஃப் அறிக்கையோடு உங்கள் மாதிரி, ஆல்கேன், ஓம எண்ணெய், வெறும் ஹெக்சேன் ஆகிய நான்கு ஓட்டங்களின் மூலக் கோப்புகளையும் பென்டிரைவில் வாங்குங்கள். ஹெக்சேன் ஓட்டத்தில் வரும் பீக் எதுவும் உங்கள் அட்டவணையில் இருக்கக் கூடாது. கருவியின் சொந்த வடிவத்தோடு சிடிஎஃப் வடிவத்திலும் ஏற்றுமதி செய்து தரச் சொல்லுங்கள்; இலவச மென்பொருளிலும் திறக்கலாம். பல மையங்களில் சில மாதங்களுக்குள் பழைய தரவை அழித்துவிடுவார்கள். மதிப்பாய்வாளர் தைமால் பீக்கின் ஸ்பெக்ட்ரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.